துறையில் ஒரு லாரி முடிச்சு

"ஐயோ... ரத்தம்!"

கிரேன் டிரைவர் போட்ட அலறலில் ஆற்றுத்துறையே ஸ்தம்பித்தது.

துறையின் கடைசி இரும்புத்தூணில் கட்டிக் கிடந்தது அந்தச் சின்னப் படகு. பலகையெல்லாம் ரத்தம். ஒரு ஒற்றைச் செருப்பு. ஆளைக் காணோம்!

படகு பைலட்டுடையது.

பைலட் என்றதும் வானத்தை அண்ணாந்து பார்க்காதீர்கள். சரக்கு ஏற்றி வரும் பார்ஜுகளுக்கு முன்னால் போய், எங்கே ஆழம், எங்கே மணல்திட்டு என்று வழி காட்டுகிற ஆற்றுப் பைலட். துறைத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான்.

போலீஸ் படகு வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் அம்மா இறங்கினார். பின்னால் இறங்கிய ஏட்டு, கயிற்றை இழுத்து இறுக்கித் தூணில் கட்டினார்.

"நல்லா கட்டினீங்களா ஏட்டு?"

"இம்மி அசையாது மேடம்!"

கிரேன் டிரைவர் பைலட்டின் படகுக் கயிற்றைக் காட்டினார்.

"இந்த முடிச்சைப் பாருங்க மேடம். எங்க ஆளுங்க இப்படிப் போடமாட்டாங்க. இது லோடு மேல தார்ப்பாய் கட்டற லாரி முடிச்சு. கயிறும் லாரிக் கயிறு!"

"பைலட்டுக்கு லாரிக்காரங்க யாரோடயாவது பகையா?"

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். பதில் பின்னாலிருந்து வந்தது.

"எங்கண்ணன்தான் மேடம்!"

பைலட்டின் மனைவி. கலைந்த தலை. கையில் டிபன் கேரியர்.

"ஊர்ல பாதி லாரி அவனோடது. உர ஆலைச் சரக்கு இனிமே ஆத்துல வரணுமா, ரோட்டுல வரணுமான்னு இன்னிக்கு மத்தியானம் கையெழுத்து. நேத்து காலையில டீக்கடையில எல்லார் முன்னாடியும் கத்தினான்... 'உன் துறையை இழுத்து மூடறேன் பாரு'ன்னு!"

சாதாரண விஷயமா அது? ஆலைச் சரக்கு போனால் பார்ஜ் இல்லை. பார்ஜ் இல்லையென்றால் கிரேன் ஓடாது. அப்புறம் சுமை தூக்குகிறவர், வெல்டிங் பட்டறைக்காரர், டீக்கடைக்காரர்... மொத்த ஊரும் வயிற்றில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு படுக்க வேண்டியதுதான்!

ஆற்றில் மூழ்கித் தேட ஆட்கள் இறங்கினார்கள். லாரி முதலாளியைக் கூட்டி வந்தார்கள். அவருடைய டிரைவர்களும் திமுதிமுவென்று பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

"நேத்து சாயங்காலம் இங்க வந்தீங்களா?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"வந்தேன். படகுல ஆள் இல்லை. திரும்பிட்டேன்."

"எதுக்கு வந்தீங்க?"

"மாப்பிள்ளைகிட்ட ஒரு விஷயம் சொல்ல."

"என்ன விஷயம்?"

முதலாளி தன் டிரைவர்களைப் பார்த்தார்... தலையைக் குனிந்துகொண்டார்.

"அதை மாப்பிள்ளைகிட்டதான் சொல்வேன்."

"செத்தவர்கிட்ட எப்படி சார் சொல்வீங்க? ஆவிக்கு போன் போடுவீங்களா?" என்றார் ஏட்டு.

"விலங்கை மாட்டுங்க!" என்றார் இன்ஸ்பெக்டர்.

தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணன் அவளையே பார்த்தார்.

வெயில் ஏறியது. தேடினவர்கள் வெறுங்கையோடு கரையேறினார்கள். அப்போதுதான்...

"மேடம்! நம்ம படகு!"

ஏட்டு கட்டிய போலீஸ் படகு, மூக்கு தூணில், வால் தண்ணீரில் என்று அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது!

கடல் பக்கத்திலேயே இருப்பதால் இந்த ஆறு தினமும் ஏறி இறங்கும். காலையிலிருந்து ஆள் உயரத்துக்குத் தண்ணீர் இறங்கியிருந்தது.

துறைக்காரர்கள் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. பைலட்டின் படகைப் பார்த்தார். அது அலுங்காமல் குலுங்காமல் மிதந்துகொண்டிருந்தது.

"ஏட்டு... லாரிக்காரர் படகு கட்டினா எப்படிக் கட்டுவார்?"

"என்னை மாதிரியேதான் மேடம். இழுத்து இறுக்கி..."

"அப்போ அதுவும் தொங்கணுமே! ஏன் தொங்கலை?"

ஏட்டு தொங்கும் படகையும் மிதக்கும் படகையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தண்ணி இறங்கும்னு தெரிஞ்சு, ஆள் உயரத்துக்குக் கயிறைத் தளர்த்தி விட்டிருக்கு. முடிச்சு லாரிக்காரரோடது... ஆனா கட்டின கை ஆத்துக்காரரோடது! பழி போடற அவசரத்துலயும் கைப்பழக்கம் போகலை!"

பைலட் மனைவியின் கண்கள் ஒரு நொடி... ஒரே ஒரு நொடி... எதிரே நின்ற காலிப் பார்ஜைத் தொட்டுத் திரும்பின. இன்ஸ்பெக்டர் அதைக் கவனித்துவிட்டார்.

"புருஷனுக்கு என்ன ஆச்சோன்னு ஓடி வர்றவங்க, டிபன் கேரியரை ஏம்மா தூக்கிட்டு வந்தீங்க?"

"அது... கைல இருந்துச்சு..."

"அடுக்கு எல்லாம் நிறைஞ்சிருக்கே! யாருக்கு?"

அவள் கேரியரை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

இன்ஸ்பெக்டர் கிரேன் டிரைவரிடம் திரும்பினார். "அந்தப் பார்ஜ்ல என்ன ஏத்தணும்?"

"ஜல்லி மேடம்."

"ஏத்துங்க!"

கிரேன் உறுமியது. ஜல்லி நிறைந்த ராட்சத வாளி எழும்பி, பார்ஜின் திறந்த வயிற்றுக்கு நேர் மேலே நின்றது. ஒரு கல் மட்டும் நழுவி விழுந்தது.

டண்!

"நிறுத்துங்க!" அவள் வீறிட்டாள். "உள்ள அவர் இருக்கார்!"

இரும்பு ஏணியில் ஒரு தலை முளைத்தது. உடம்பெல்லாம் தூசி. காலில் ஒற்றைச் செருப்பு!

"கோழி ரத்தம் மேடம்..." பைலட் கைகூப்பினார். "இன்னிக்கு ஒரு நாள் மச்சான் உள்ள இருந்தா போதும்னு நினைச்சேன். கையெழுத்து முடிஞ்சதும் வெளிய வந்திருப்பேன். துறையை மூடிட்டா இத்தனை பேரும் எங்க போவாங்க?"

அந்த நேரம் பார்த்து ஆலை மேனேஜரின் கார் வந்து நின்றது. இறங்கியவர் விலங்கைப் பார்த்துத் திகைத்தார்.

"இவரை எதுக்குப் பிடிச்சிருக்கீங்க? நேத்து மத்தியானமே போட்டியிலேர்ந்து விலகிட்டாரே! சரக்கு துறைக்குத்தான்னு முடிவாயிடுச்சே!"



"அதைச் சொல்லத்தான்யா வந்தேன் மாப்பிள்ளை!" லாரி முதலாளி வெடித்தார். "பார்ஜ் நின்னா, துறைக்கு வர்ற மத்த சரக்கை ஏத்தி ஓடற என் லாரியும்தான் நிக்கும். கத்திட்டுப் போய் யோசிச்சப்போதான் உறைச்சுது. அதோட... என் தங்கச்சி வீட்டு அடுப்பை நானே அணைப்பேனா? டிரைவருங்க முன்னாடி சொல்லக் கூச்சமா இருந்துச்சு."

நடந்ததை ஏட்டு சொல்லச் சொல்ல, மேனேஜரின் முகம் மாறியது. ஃபைலை மூடினார்.

"போலீஸையே ஏமாத்தற சங்கத்தை நம்பி எப்படிச் சரக்கை விடறது?"

பைலட் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்னை நம்பி விடுங்க," விலங்கோடு கையை உயர்த்தினார் லாரி முதலாளி. "இந்த ஆளுக்கு இல்லை. சரக்குக்கு நான் ஜாமீன்!"

மேனேஜர் அவரைப் பார்த்தார். விலங்கைப் பார்த்தார். மெதுவாகப் பேனாவை எடுத்தார்.

தங்கை ஓவென்று அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்தாள். டிபன் கேரியரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு புருஷனை நோக்கி நடந்தாள்.

"உன் பேச்சைக் கேட்டு எங்கண்ணனையே கொலைகாரன்னு சொன்னேனேய்யா!"

பைலட் பின்வாங்கி நகர ஆரம்பித்தார்.

ஏட்டு விலங்கைக் கழற்றிவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"கொலைன்னு வந்தோம். கொலையும் இல்லை, பிணமும் இல்லை. கேஸை மூடிடலாமா மேடம்?"

இன்ஸ்பெக்டர், ஓங்கிய டிபன் கேரியரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் பொறுங்க ஏட்டு... ரெண்டுமே கிடைச்சுடும் போலிருக்கு!"