கோயில் காட்டுச் செங்காளான்

கொல்லிமலைக்குள் செங்காளானைத் தேடிப் புறப்பட்டவர்கள் மூன்று பேர்: அடிவாரத்தில் காளான் கொட்டகை நடத்தும் அமிர்தவல்லி, அவள் கொழுந்தன் தங்கதுரை, வழிகாட்ட மலையைச் சேர்ந்த சடையன். சாமான்கள்: மடக்குக் கத்தி ஒன்று, உப்புப் பொட்டலம் இரண்டு, கிடைக்கும் காளானைச் சுற்றிக் கொண்டுவர, கிருமி போகக் குக்கரில் அவித்துக் காயவைத்த வெள்ளைத் தாள் ஒரு கட்டு.

நோய் எதிர்ப்புச் சக்தி மாத்திரைக்கென்று ஒரு கம்பெனி வாங்கும் காளான் அது. அமிர்தவல்லியும் ஒன்பது பெண்களும் அதை வளர்த்துவந்தார்கள். வித்தில் பச்சைப் பூசணம் விழுந்து எல்லாம் கெட்டது. வெளியில் வாங்கிய வித்து அடிவாரத்து வெயிலைத் தாங்கவில்லை. மலைக் காளானிலிருந்தே புதுத் தாய் வித்து, மற்ற வித்தையெல்லாம் பெருக்கும் முதல் வித்து, எடுத்தாக வேண்டும். கம்பெனி கெடு வைத்த மாதக் கடைசிக்குள் அது முளைக்காவிட்டால் கொட்டகையை மூட வேண்டியதுதான்!

முதல் நாள் மழை. இரண்டாம் நாளும் மழை. மூன்றாம் நாள் மழை விட்டது, அட்டைகள் விடவில்லை.

"அண்ணி, எனக்கு ஒடம்புல ரத்தமே இல்லீங்க. இனி கடிக்கிற அட்டை ஏமாந்துதான் போவும்" என்று தங்கதுரை பாறையில் சரிந்தான்.

"உப்பத் தடவிட்டு எந்திரி."

"உப்பா? அதைத்தான் நேத்து கூழுல கொட்டிட்டீங்களே!"

சிரிக்க யாருக்கும் தெம்பில்லை. நடந்தார்கள்.

நான்காம் நாள் காலை ஓடையைக் கடந்ததும் சடையன் செருப்பைக் கழற்றினான். "இது எங்க கோயில் காடுங்க. குறுக்கால போயிரலாம்."

இருபதடி வைத்திருப்பார்கள். பட்டுப்போன பலாமரத்தில், தோள் உயரத்தில், வார்னிஷ் பூசியதுபோல் மினுங்கியது ஒரு சிவப்புத் தட்டு. செங்காளான்!

தங்கதுரை கத்தியை விரித்தான். சடையன் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"இங்க உதுந்த சுள்ளிகூட வெளிய போவாதுங்க. கத்திய மடக்குங்க."

"அப்ப நாலு நாள் நடந்தது எதுக்குய்யா?"

"நானுந்தானுங்க நடந்தேன்."

அமிர்தவல்லி வேரடியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை, தூக்கம்தான் வந்தது. ஊன்றிய கையை எடுத்தபோது உள்ளங்கை பழுப்பாக இருந்தது. சுற்றிலும் இலைகளில் காப்பித்தூள் போலப் படிந்திருந்தது, காளான் உதிர்த்த வித்துத் தூள்!

"சடையண்ணே, இந்தத் தூசி?"

சடையன் குனிந்து ஓர் இலையை ஊதிப் பார்த்தான். "தூசிக்கு ஏதுங்க கட்டு? தெனமும் என் தலைல ஒட்டிக்கிட்டு வூட்டுக்கே வருது. காளானத் தொடப்படாது, அவ்வளவுதான்."

கீழே கிடந்த தூள் உதவாது. மண் கலந்தால் பூசணம் பிடிக்கும். புதிதாக விழுவதைத்தான் ஏந்த வேண்டும். வெள்ளைத் தாளைக் காளானுக்கு அடியில் பிடித்தபடி அரைமணிக்கு ஒருவராக நின்றார்கள். கேட்காமலே சடையனும் முறை எடுத்துக்கொண்டான்.

"புதையல் எடுக்க வந்து, பிச்சைக்காரனாட்டம் கையேந்தி நிக்கறேன்!" என்றான் தங்கதுரை.

"பேசாதடா! மூச்சுல பறந்துரும்."

தோள்கள் மரத்துப்போயின. மாலை நான்கு மணிக்குத் தாளில் விரல் அகலத்துக்குப் பழுப்பு படிந்திருந்தது. மடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

கொட்டகையில் அவித்த சோளம் அடைத்த பன்னிரண்டு பாட்டில்களில் தூளைத் தூவினார்கள். ஏழில் பூசணம் விழுந்தது. நான்கில் ஒன்றுமே இல்லை. மாதம் முடிய இரண்டு நாள் இருக்கையில், மிச்சமிருந்த ஒன்றின் ஓரத்தில் பஞ்சிழை போல வெள்ளையாகக் காளான் முளை ஓடியிருந்தது.

பெண்கள் கூச்சலிட்டார்கள். அமிர்தவல்லி பாட்டிலில் தேதி எழுதி ஒட்டிவிட்டு, "மூடியத் தொறந்துராதீங்க. இதப் பரப்பி வளக்க நாளைக்கு மரத்தூள நனைக்கணும்" என்றபடி சாக்கின் மேல் சாய்ந்தாள்.

காட்டில் எதுவும் குறையவில்லை. கொட்டகை பிழைத்துக்கொண்டது.