முப்பத்தெட்டாம் பதிப்புக் காற்று

புதன்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்குச் செம்மண் நகர் மேற்கு அடுக்ககத்தில் குடியிருந்த எல்லோரும் மூச்சை நிறுத்தினார்கள். பல் துலக்கிக்கொண்டிருந்தவர்கள் வாயைக் கொப்பளித்துவிட்டு நிறுத்தினார்கள். சண்டை போட்டுக்கொண்டிருந்த தம்பதிகள் பாதி வாக்கியத்தில் நிறுத்தி, மீதியை மூன்றரை நிமிடம் கழித்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். இதில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. செவ்வாய்க் கிரகத்துக்குக் குடிவந்தால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்.

விஷயம் இதுதான். அடுக்ககத்துக்குக் காற்று தருவது தரைக்கடியில் இருக்கும் வளிப்பொறி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூமியிலிருக்கும் நிறுவனம் அதற்குப் புதிய பதிப்பு ஒன்றை அனுப்பும். அது உள்ளே இறங்கும்போது பொறி நல்ல காற்றையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு, உயிர்வளி இல்லாத சோதனை வளியை அறைகளில் நிரப்பி, தன்னைத்தானே ஒருமுறை அணைத்து எழுப்பிக்கொள்ளும். அதுவரை தாக்குப்பிடிக்க ஒவ்வொருவர் விலாவுக்குக் கீழும் ஒரு மூச்சுப்பை பொருத்தியிருந்தார்கள். குழந்தை பிறந்தால் பெயர் வைப்பதற்கு முன்பே பை வைத்துவிடுவார்கள். சோதனை வளியை எதற்காக நிரப்ப வேண்டும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் நம்மைப் பழைய ஆள் என்று நினைத்துவிடுவார்களே.

புதுப்பிப்பு நாளன்று முடிந்தவர்களெல்லாம் குளித்து உடுத்திக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்து அறிவிப்புப் பலகையின் முன் நிற்பது வழக்கம். பலகையில் சதவீதம் ஒவ்வொன்றாக ஏறும். சந்நிதியில் திரை விலகக் காத்திருப்பவர்களைப் போல எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நூறு வந்ததும் ஒரே சமயத்தில் மூச்சு விடுவார்கள். "ஆகா, இந்தக் காற்றே தனி" என்று யாராவது சொல்வார், மற்றவர்கள் ஆமோதிப்பார்கள்.

கிருபாகரன் ஆறு வருடமாகக் குடியிருப்போர் சங்கச் செயலாளர். அவர் திறமைசாலி என்பதால் அல்ல, வேறு யாரும் அந்தப் பதவிக்கு வரவில்லை என்பதால். அந்தப் புதன்கிழமை, முப்பத்தேழாம் பதிப்பு நூறைத் தொட்டபோது, அவர் மனைவி தமயந்தி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சரிந்தாள். அவள் முதல் கப்பலில் வந்தவள். அவளுடைய மூச்சுப்பை ஆதிகால மாதிரி, மூன்றரை நிமிடத்துக்கு மேல் தாங்காது. மருத்துவர் அவள் நாடியைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். இதயம் பலவீனம், அறுத்துப் புதுப் பை வைக்க முடியாது, பை தீர்ந்த பிறகும் மூச்சு நின்றால் இதயமும் நின்றுவிடும் என்றார்.

மூன்று மாதம் கழித்து முப்பத்தெட்டாம் பதிப்பின் அறிவிப்பு வந்தது. ஆகும் நேரம் நாலேகால் நிமிடம்.

"முக்கால் நிமிஷந்தானே கூட," என்றாள் தமயந்தி. "பல்லைக் கடிச்சிக்கிட்டு நின்னுட்டா ஆச்சு."

"முக்கால் நிமிஷத்துல உயிர் போயிடும், தமயந்தி."

"நீங்க எப்பவுமே இப்படித்தான். எதையும் பெரிசு பண்ணுவீங்க."

கிருபாகரன் நிறுவனத்துக்கு எழுதினார். தங்கள் மனைவியின் மாதிரிக்கு ஆதரவு நிறுத்தப்பட்டுவிட்டது, இந்த அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று பதில் வந்தது. வெளியுடுப்பு மாட்டி அவளை வெளியே நிறுத்திவிடலாமா என்று பார்த்தார். வெளியுடுப்புகளும் அதே நேரத்தில் புதுப்பித்துக்கொள்ளுமாம். கிழக்கு அடுக்ககத்திலிருக்கும் மைத்துனர் வீட்டுக்கு அனுப்பலாமென்றால் அங்கும் அதே நாள், அதே ஆறு பத்து. செயலாளர் என்ற முறையில் பலகையிலிருந்த 'பிறகு' பொத்தானை அமுக்கினார். ஒரு வாரம் தள்ளிப்போனது. இன்னும் இரண்டு முறை அமுக்கினார். நாலாவது முறை அமுக்கப் போனபோது பொத்தானையே காணோம்.

மாடிப்படிக்குக் கீழே பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த ஜெசிந்தாவிடம் போனார். கெண்டி, காலுறைச் சூடேற்றி, மூச்சுப்பை எதுவானாலும் அவள் பிரித்து மாட்டிவிடுவாள். விஷயத்தைக் கேட்டு அவள் பெரிதாக ஒன்றும் அதிர்ச்சியடையவில்லை.

"நிறுத்திடலாம் அண்ணே. பலகைல கீழ கடைசியா பதிப்பு எண் போட்டிருக்கும் பாருங்க. அதை ஏழு தடவை தட்டுங்க."

"ஏழு தடவையா? ஏன்?"

"ஏன்னு எனக்கும் தெரியாது. பூமில செல்போன் காலத்துலேருந்து அப்படித்தானாம். ஆறு தடவை தட்டினா ஒண்ணும் நடக்காது."

யாரும் பார்க்காதபோது கிருபாகரன் ஏழு தடவை தட்டினார். 'வாழ்த்துகள். நீங்கள் இப்போது ஓர் உருவாக்குநர்' என்று பலகை சொன்னது. வாழ்நாளெல்லாம் தண்ணீர்த் தொட்டி மட்டத்தைக் குறித்து வைத்தவர் அவர். இதுவரை எதையும் உருவாக்கியதில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். பிறகு வரிசையாக வந்தவற்றில் 'தானாகப் புதுப்பித்தல்' என்ற ஆளியைக் கண்டுபிடித்து அணைத்தார்.

அடுத்த புதன்கிழமை ஆறு பத்துக்கு எல்லோரும் குளித்து உடுத்தி வந்து நின்று மூச்சை நிறுத்தினார்கள். பலகையில் சதவீதம் வரவில்லை. ஆனாலும் நின்றார்கள். இரண்டு நிமிடம் கழித்து ஐந்தாம் தளத்துச் செங்குட்டுவன் தும்மிவிட்டார். எல்லோரும் பதறிப்போய் அவரைப் பார்த்தார்கள். அவர் செத்துப்போகவில்லை. ஒருவர் பின் ஒருவராக மெல்ல மூச்சு விட்டுப் பார்த்தார்கள். காற்று இருந்தது. யார் முகத்திலும் சந்தோஷம் மட்டும் இல்லை.

அன்று மாலைக்குள் செய்தி பரவிவிட்டது: கிழக்கு அடுக்ககத்துக்கு முப்பத்தெட்டு எப்போதோ வந்துவிட்டது, நமக்கு வரவில்லை.

அதன் பிறகு மேற்கு அடுக்ககத்தில் ஒருவருக்கும் உடம்பு சரியில்லை. இந்தக் காற்றில் பழைய வாடை அடிக்கிறது என்றார்கள். சோறு சரியாக வேகவில்லை, முடி கொட்டுகிறது, எல்லாம் முப்பத்தேழின் வேலை என்றார்கள். கிழக்கிலிருந்து வந்த விருந்தாளிகள் வாசலிலேயே மூக்கைச் சுருக்கி, "நீங்க இன்னும் முப்பத்தேழுலதான் இருக்கீங்களா?" என்று பரிவோடு கேட்டார்கள். செங்குட்டுவன் மகளுக்கு நிச்சயமாக இருந்த கிழக்கு அடுக்ககத்து வரன் தள்ளிப்போனது. பெண்ணைப் பிடித்திருக்கிறதாம், பெண் வளர்ந்த காற்றைத்தான் யோசிக்கிறார்களாம்.

சங்கத்தின் அவசரக் கூட்டம் கூடியது. செங்குட்டுவன் எழுந்து நின்றார்.

"செயலாளர் ஏதோ ஆளியை அணைச்சு வச்சிருக்கார்னு கேள்விப்பட்டேன். என் பொண்ணு கல்யாணம் நின்னு கெடக்கு. இவரு வீட்டுக்காரம்மாவுக்காக நாம எல்லாரும் பழைய காத்தைக் குடிக்கணுமா?"

கிருபாகரன் தயாராக வந்திருந்தார். முப்பத்தெட்டாம் பதிப்போடு வந்த குறிப்பைக் கையில் வைத்திருந்தார். செம்மண் நகர் வரலாற்றிலேயே ஒரு பதிப்பின் குறிப்பை ஒருவர் படித்தது அதுவே முதல் தடவை.

"இதுல என்னதான் இருக்குன்னு கொஞ்சம் கேளுங்க," என்று உரக்கப் படித்தார். "ஒண்ணு, அறிவிப்புப் பலகையின் நீல நிறம் சற்றே வேறு நீலமாக மாற்றப்பட்டுள்ளது. ரெண்டு, 'பிறகு' பொத்தான் நிரந்தரமாக நீக்கப்பட்டுள்ளது. அவ்வளவுதான். காத்தைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. இதுக்காக எம் பொண்டாட்டி சாகணுமா?"

பின்வரிசையிலிருந்து யாரோ, "ரெண்டு மேம்பாடு குடுத்திருக்காங்க, பாவம்" என்றார். வாக்கெடுப்பு நடந்தது. புதுப்பிப்பு வேண்டும் என்று ஏறக்குறைய எல்லாக் கைகளும் உயர்ந்தன. மூன்றாவது வரிசையில் உயர்ந்த கையில் தான் வாங்கிக்கொடுத்த பச்சை வளையல் கிடந்ததைக் கிருபாகரன் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவளைக் கேட்டார்.

"ஏன் தமயந்தி கையைத் தூக்கினே?"

அவள் தட்டைக் கழுவிக்கொண்டே பேசினாள். "நீராவிக் குளியல் கூடத்துல என் பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்கிறாங்க. 'உன்னாலதானே எல்லாரும் முப்பத்தேழுல கெடக்கோம்'னு மூஞ்சிக்கு நேரா சொல்றாங்க. என் அண்ணன் பொண்டாட்டி இங்க வந்தா மூச்சை மெதுவா விடறா. எனக்கு அவமானமா இருக்குங்க."

"உயிரை விட அவமானம் பெரிசா?"

தமயந்தி தட்டைத் துடைத்து அடுக்கில் வைத்தாள். கிருபாகரனுக்கு அழுகை வந்தது. இவளை விட்டால் தனக்கு இந்தச் செம்மண் கிரகத்தில் வேறு யார் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே மறுபடியும் படியிறங்கி ஜெசிந்தாவிடம் போனார்.

"புதுப்பிக்கவும் கூடாது, புதுப்பிச்ச மாதிரியும் இருக்கணும்," என்றார்.

"அப்போ பலகையில மட்டும் ஓட விட்டுடலாம் அண்ணே. சதவீதம் ஏறும், நீலம் மாறும், கடைசில முப்பத்தெட்டுன்னு காட்டும். கீழ பொறி அதுபாட்டுக்கு நல்ல காத்தைக் குடுத்துக்கிட்டு இருக்கும்."

"மூணு நிமிஷத்துக்குள்ள முடியணும்."

"தொண்ணூத்தொம்பதுக்கு மூணு நிமிஷத்துல வந்துடும். அங்க கொஞ்சம் நிக்கும். நிக்கலேன்னா யாரும் நம்ப மாட்டாங்க."

"இப்படி ஏமாத்தறது வெளிய தெரிஞ்சா கிழக்குக்காரங்க சிரிக்க மாட்டாங்களா?"

ஜெசிந்தா திருப்புளியைக் கீழே வைத்தாள். "கிழக்குக்கும் நான்தானே செஞ்சு குடுத்தேன். ரெண்டு வருஷம் இருக்கும். அங்க செயலாளரோட அப்பாவுக்கும் இதே பழைய பைதான். பொறி அங்க இன்னும் இருபத்தொன்பதுலதான் ஓடுது. நீங்களா கேட்டதால சொல்றேன், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

கிருபாகரன் சொல்லவில்லை. தமயந்தியிடம் மட்டும், எல்லாவற்றையும் இரண்டு தடவை விளக்கிச் சொன்னார். காற்று நிற்காது, பலகைதான் ஓடும், நீ பாட்டுக்கு மூக்கால் மெல்ல மூச்சு விட்டுக்கொள், ஒருவருக்கும் தெரியாது என்றார். அவள் தலையாட்டினாள். அவர் மனதிலிருந்த பெரிய பாரம் இறங்கியது.

புதன்கிழமை காலை தாழ்வாரம் நிறைந்திருந்தது. செங்குட்டுவன் பட்டு வேட்டியில் வந்திருந்தார். ஆறு பத்துக்கு எல்லோரும் மூச்சை நிறுத்தினார்கள். சதவீதம் அழகாக ஏறியது. மூன்று நிமிடத்தில் தொண்ணூற்றொன்பது வந்தது, நின்றது.

மூன்றேகால் நிமிடம் ஆனது. கிருபாகரன் ஓரக்கண்ணால் தமயந்தியைப் பார்த்தார். அவள் கன்னங்கள் உப்பியிருந்தன. உதடு நீலம் பாய்ந்திருந்தது. அவள் மூச்சு விடவே இல்லை. அவர் அவள் கையைக் கிள்ளினார். அவள் கண்ணாலேயே பலகையைக் காட்டினாள். மூன்றரை. அவர் தன் மூக்கைத் தொட்டுக் காட்டி, இழு, இழு என்று சைகை செய்தார். அவள் சுற்றி நின்றவர்களைக் கண்ணால் காட்டித் தலையை அசைத்தாள். நல்ல காற்று அவள் மூக்குக்கு வெளியே, ஒரு நூல் தூரத்தில்தான் இருந்தது.

அவருக்கு வேறு வழி தெரியவில்லை. "மூச்சு விடு தமயந்தி, காத்து இருக்கு," என்று கத்தினார். கத்துவதற்கு மூச்சு வேண்டுமே, அதையும் எல்லோருக்கும் கேட்கும்படி இழுத்து விட்டார். முன்னூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை பேர் கண் எதிரே ஒரு மனிதர் காற்றைக் குடித்துக்கொண்டு உயிரோடு நின்றார். ஒருவர்கூட அவரைப் பின்பற்றவில்லை. பாவம், இந்த வயதில் இவருக்கு இப்படி ஆகிவிட்டதே என்பதுபோல் பார்த்துவிட்டு, பலகையின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

தமயந்தி அவர் தோளில் சாய்ந்தாள். கால்கள் மடிந்தன. அவர் அவளைத் தாங்கியபடி தரையில் உட்கார்ந்து, விரலால் அவள் வாயைத் திறக்கப் பார்த்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்போது பலகையில் தொண்ணூற்றொன்பது மறைந்து நூறு வந்தது. நீலம் சற்றே வேறு நீலமானது.

தாழ்வாரம் முழுவதும் ஒரே மூச்சாக விட்டது. தமயந்தியும் வாயைத் திறந்து நீளமாக ஒரு மூச்சு இழுத்தாள். மெல்ல உதட்டில் நிறம் வந்தது. கிருபாகரனுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"ஆகா, இந்தக் காற்றே தனி," என்றார் செங்குட்டுவன். எல்லோரும் ஆமோதித்தார்கள். யாரோ வரன் வீட்டுக்குச் செய்தி அனுப்பப் போனார்கள்.

தமயந்தி கண்ணைத் திறந்து கணவரைப் பார்த்தாள். எல்லாம் தெரிந்தவள், இரண்டு தடவை விளக்கிச் சொல்லப்பட்டவள்.

"இப்பத்தாங்க மூச்சே விட முடியுது," என்றாள். "முப்பத்தேழு ஒரே கனமா இருந்துது, இல்லே?"

கிருபாகரன் தானும் ஒருமுறை நன்றாக இழுத்துப் பார்த்தார். கொஞ்சம் இலேசாகத்தான் இருந்தது.