ஸ்பிரிட் அடுப்பும் சிவப்பு சிலிண்டரும்

கொம்புப்பாருக்குக் கிளம்பத் தேவையான எல்லாம் படகில் ஏறிவிட்டன. அடுப்பு மட்டும்தான் பாக்கி. துறைமேடையில் இரண்டு அடுப்புகளை வைத்துக்கொண்டு கஸ்பார் தன் மைனி மதலேனின் முகத்தைப் பார்த்தான். ஒன்று கேஸ் அடுப்பு. மற்றது ஸ்பிரிட் ஊற்றி எரிக்கும் பித்தளை அடுப்பு.

மதலேன் தேடிப் போவது கஸ்பாரின் அண்ணனும் தன் கணவனுமான தஸ்நேவிஸை. குமரி முனையைத் தாண்டி மேற்கே வெகுதூரத்தில் இருந்தது கொம்புப்பார் என்ற அந்தப் பவளப்பாறைத் திட்டு. அங்கே மூழ்கிக் கிடந்த தன் அப்பாவின் தோணியிலிருந்து வெண்கல மணியை எடுத்து வரப் போனவன் திரும்பவில்லை. கணவனும் மனைவியும் சேர்ந்து போவதாக இருந்த பயணம், கேஸா ஸ்பிரிட்டா என்ற சண்டையில் முறிந்தது. கேஸ் ஏறிய படகில் தான் ஏற மாட்டேன் என்று மதலேன் முரண்டு பிடித்தாள். அவளுடைய ஆஸ்பத்திரி நாற்றம் பிடித்த அடுப்பில் கஞ்சி கொதிப்பதற்குள் போய்விட்டே வந்துவிடலாம் என்று சொல்லி, அவன் சிலிண்டரோடு தனியாகக் கிளம்பிவிட்டான்.

தேடப் போன கப்பல் கருகிய பலகைகளை மட்டும் கொண்டுவந்தது. அவன் செத்துவிட்டான் என்று முடிவுகட்டி, கோயிலில் ஆத்துமப் பூசைகூட வைத்துவிட்டார்கள். மதலேன் பூசைக்குப் போகாமல் பலகைகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் அடிப்பக்கத்தில் கருகியிருந்தன. அப்படியென்றால் கேஸ் கசிந்து படகின் அடிவயிற்றில் இறங்கித் தேங்கி, அங்கிருந்துதான் வெடித்திருக்கிறது. சிலிண்டர் காலியாகியிருக்கும். காலி சிலிண்டர் நன்றாக மிதக்கும். ஆனால் கப்பல்காரர்கள் கொண்டுவந்ததில் சிலிண்டர் இல்லை!

"அது மிதந்து போயிருந்தா, அவரும் அதைப் பிடிச்சுட்டுப் போயிருப்பாரு" என்றாள்.

கஸ்பார் தானும் வருகிறேன் என்றான்; கைக்குழந்தைக்காரன் வரக் கூடாது என்று அவள் மறுத்துவிட்டாள். கேஸ் அடுப்பையாவது கொண்டுபோகச் சொன்னான். ஒரு கையில் சுக்கான் பிடிக்கிறவளுக்குச் சட்டென்று கொதிக்கிற அடுப்புதானே உதவும் என்றான்.

"கேஸு நமக்குத் தெரியாம கீழ போய் உக்காந்துக்கும், கஸ்பார். ஸ்பிரிட்டு பிடிச்சா கண்ணு முன்னால பிடிக்கும். தண்ணியை ஊத்தி அணைச்சிரலாம்" என்று சொல்லிப் பித்தளை அடுப்பைத் தூக்கிக்கொண்டாள்.

கரை மறைந்தது. அதற்குப் பிறகுதான் தனிமை என்னவென்று அவளுக்குத் தெரிந்தது. காற்றும் பாயும் பேசிக்கொண்டன. அவளிடம் பேச யாருமில்லை. கஞ்சி ஆக்கினால் பழக்கதோஷத்தில் இரண்டு பேருக்கு அரிசி போட்டாள். மிச்சத்தைக் கடலில் கொட்டினாள். சண்டை போடவாவது அந்த மனுஷன் பக்கத்தில் இருக்கக் கூடாதா என்று ஏங்கினாள்.

ஸ்பிரிட் அடுப்பில் ஒரு வம்பு உண்டு. பட்டப்பகல் வெயிலில் அதன் தீ கண்ணுக்குத் தெரியாது. அதனால் முன்பெல்லாம் இருவருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. சமைக்கிறவர் "தீ இருக்கு" என்று குரல் கொடுப்பார். மற்றவர் "இருக்கு" என்பார். அணைந்ததும் சமைக்கிறவர் "தீ இல்ல" என்பார். மற்றவர் அடுப்புக்கு மேலே புறங்கையை நீட்டிப் பார்த்து "இல்ல" என்று சொன்ன பிறகுதான் ஸ்பிரிட் டப்பாவைத் திறப்பார்கள். தனியாக இருக்கும்போது யாரிடம் குரல் கொடுப்பது? மதலேன் வாயைத் திறக்கவே இல்லை.

கொம்புப்பார் கண்ணில் பட்ட அன்று உச்சி வெயிலில் கஞ்சி பாதியில் கொதி அடங்கியது. தீ அணைந்துவிட்டது என்று நினைத்து டப்பாவைச் சாய்த்தாள். குப்பென்று பற்றியது! சட்டைக்கை எரிந்தது. கையைக் கடலுக்குள் முக்கினாள். பக்கத்திலிருந்த வாளித் தண்ணீரை அடுப்பின் மேல் கவிழ்த்தாள். தீ அடங்கியது. முழங்கை வரை தோல் வழன்று போயிருந்தது. வலியைவிட, அதைப் பார்த்து ஒரு வார்த்தை திட்ட ஆளில்லையே என்றுதான் அழுதாள்.

அழுது முடித்ததும் வேலையைப் பார்த்தாள். ஸ்பிரிட்டெல்லாம் கொட்டிப்போன டப்பாவை இறுக மூடி, பாறைத் திட்டின் ஓரம் கடலில் போட்டாள். சிலிண்டரை இழுத்துப் போன நீரோட்டம் இதையும் அதே வழியில்தானே இழுத்துப் போகும். பாயை இறக்கிவிட்டு, நீரோட்டம் டப்பாவை இழுத்துப் போகும் வழியில் தானும் துடுப்புப் போட்டுக்கொண்டே போனாள். இருட்டினால் டப்பாவை எடுத்துவைத்துக்கொண்டு நங்கூரம் போடுவாள். விடிந்ததும் மறுபடி மிதக்கவிடுவாள். ஊறவைத்த அரிசிதான் சாப்பாடு. அடுப்புக்கு இன்னும் ஒரே ஒரு டப்பா ஸ்பிரிட்தான் மீதம். அதைத் திரும்பி வரும்போது இரண்டு பேருக்குச் சமைக்க வைத்திருந்தாள்.

ஒரு காலையில் சத்தம் கேட்டது. டங். கொஞ்சம் விட்டு மறுபடி டங். நடுக்கடலில் கோயில் மணியா? எழுந்து நின்று பார்த்தாள். தாழம்புதர் மண்டிய சின்ன மணல்தீவு. கிளையில் ஒரு சிவப்பு சிலிண்டர் தொங்கியது. அதைக் கல்லால் அடித்துக்கொண்டிருந்தான், புருவமெல்லாம் பொசுங்கிய ஒரு மனிதன்.

படகு மணலைத் தொடுவதற்குள் அவள் குதித்துவிட்டாள். அவன் எலும்பும் தோலுமாக இருந்தான். மழைத்தண்ணீரும் சிப்பிச்சதையும் அவனைக் காப்பாற்றியிருந்தன.

"கேஸ் நாத்தம் தெரியலியா ஒங்களுக்கு?"

"கருவாட்டு மூட்டை மேலயே உக்காந்திருந்தேன். எந்த நாத்தம்னு தெரியும்? பீடியைப் பத்தவச்சேன், அம்புட்டுத்தான்."

தோணி மணி கிடைக்கவில்லை. சிலிண்டரை அவிழ்த்துப் படகில் ஏற்றிக்கொண்டார்கள்.

அவள் கையைப் பார்த்ததும் தஸ்நேவிஸ் ஒன்றும் கேட்காமல் தானே ஆஸ்பத்திரி அடுப்பின் முன்னால் குந்தினான். பற்றவைத்து, தலையை நிமிர்த்தி, "தீ இருக்கு" என்றான்.

அவன் பானையை ஏற்றாமல் பதிலுக்குக் காத்திருந்தான்.

"இருக்கு" என்றாள்.

கரையில் ஊரே கூடி நின்றது. சிலிண்டரை ஆளுக்கு ஒருமுறை தட்டிப் பார்த்தார்கள். சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்த கஸ்பார் மூக்கைச் சிந்திவிட்டு, கடைசியில் எந்த அடுப்புதான் நல்லது மைனி என்று கேட்டான்.

"ரெண்டுலயும் தனியா ஆக்கித் திங்கக் கூடாது, கஸ்பார்" என்றாள் அவள்.