கைப்பிடி இல்லாத ஜன்னல்

சாவு வீட்டுக்குக் கொண்டுபோகிற வெண்ணெய்க் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பட்டப்பகல். ஹாம்பர்க்கில் வெயில் அடிப்பதே அபூர்வம், அன்றைக்கென்று பார்த்துச் சுள்ளென்று அடித்தது. என் தங்கை விப்கே குடியிருந்த கட்டடத்தின் தெற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடித் தொட்டிகள். உள்ளே உயிருள்ள பாசி, பச்சையாகக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் நாம் விடுகிற மூச்சைக் கூரையிலிருக்கும் குழாய் உறிஞ்சி அந்தப் பாசிக்கு ஊட்டுமாம். 'இங்கே ஒரு மூச்சுகூட வீணாகாது' என்று வாசலில் எழுதி வைத்திருந்தார்கள். பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் புருஷன் டெட்லெஃப் நுரையீரல் நோவில் செத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. விப்கே படுக்கையறையை விட்டு வெளியே வருவதே இல்லை. எலும்பும் தோலுமாகக் கிடந்தாள். அந்த அறையின் ஒரு சுவரே பாசித் தொட்டிதான். அறையெங்கும் பச்சை வெளிச்சம், குளத்தடி வாசனை. இவளை என் வீட்டுக்குக் கூட்டிப்போகாவிட்டால் இவளும் தங்கமாட்டாள் என்று தெரிந்துபோயிற்று.

"நான் ஜன்னலத் திறக்கலக்கா," என்றாள்.

உயிர் பிரிந்ததும் எங்கள் ஊர் வழக்கத்தில் முதல் வேலை அதுதான். போகிறவருக்கு வழி விடவேண்டும். அந்த அறை ஜன்னலுக்குக் கைப்பிடியே கிடையாது. சூடு வெளியே போகக்கூடாதென்று அடைத்தே கட்டியிருந்தார்கள்.

"பைத்தியம் மாதிரி பேசாதடீ. கெளம்பு."

"சும்மா இரு அக்கா. கேளு."

தொட்டிக் கண்ணாடிக்குள் குமிழிகள் ஏறின. இரண்டு குட்டை. ஒரு நெடியது.

டெட்லெஃபின் இருமல்.

விப்கே தன் கல்யாண மோதிரத்தால் கண்ணாடியை ஒருமுறை தட்டினாள். அவன் படுக்கையில் இருமும்போதெல்லாம் 'இங்கதான் இருக்கேன்' என்று கட்டிலைத் தட்டுவாளே, அதே தட்டல். குமிழிகள் அடங்கின.

அவரை அந்தத் தொட்டியிலிருந்து வெளியே விட்டுவிட்டால் வருகிறேன் என்றாள் விப்கே. கட்டடத்தைப் பராமரிக்கும் ஹின்னெர்க்கைப் பிடித்து இழுத்துவந்து தொட்டியைக் காலி செய்யவைத்தேன். பச்சைத் தண்ணீர் இறங்கி மறைந்தது. விப்கே அழுதாள். அழுதுகொண்டே என் கேக்கில் ஒரு துண்டு தின்றாள். நாளைக்குக் கிளம்பலாம் என்றாள்.

இந்தப் பாசியெல்லாம் எங்கே போகும் என்று ஹின்னெர்க்கிடம் கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. கீழே நொதிக்கவைத்து வாயுவாக்கி எரிப்பார்களாம். சூடு வீடுகளுக்கு, புகை மறுபடி பாசிக்கு.

"எதுவும் வெளிய போகாது மேடம்," என்றார், என்னவோ நல்ல சேதி சொல்வதுபோல.

மறுநாள் தொட்டி நிரம்பியது. நான் அவள் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு குட்டை. ஒரு நெடியது.

"போக வழியே இல்லையாக்கா?"

அதற்கப்புறம் அவள் சாப்பாட்டைத் தொடவே இல்லை. எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன். ஒரு மத்தியானம் நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு நின்றுவிட்டது. நாற்காலியைத் தூக்கி ஜன்னலில் ஓங்கி ஓங்கி அடித்தேன். மூன்றடுக்குக் கண்ணாடி, கீறல்கூட விழவில்லை. தலைக்கு மேலே குழாய் மெதுவாக உறிஞ்சிக்கொண்டிருந்தது. திரும்பிவந்து என் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய.

குமிழிகள் ஏறின. இரண்டு குட்டை. ஒரு நெடியது.

விப்கேயின் கை என் கைக்குள்ளேயே இருந்தது. மோதிரம் என் விரலில் அழுத்திக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்கு உள்ளேயிருந்து யாரோ ஒருமுறை தட்டினார்கள்.