மாநாட்டுக்கு வந்த கல்பகம்

செகந்திராபாத் ஸ்டேஷனில் பத்ரிநாராயணனை வரவேற்க ஒரு ஈ காக்காய் இல்லை. மெட்ராஸ் வண்டியில் வந்த கூட்டமெல்லாம் கலைந்து, போர்ட்டர்கள் பீடி பற்றவைத்துக்கொண்ட பிறகும் பெட்டியும் கையுமாக நின்று பார்த்தார். நல்ல மாநாடு, நல்ல மரியாதை என்று முணுமுணுத்தபடி ஒரு ஆட்டோவைப் பிடித்து மல்லாபூர் பக்கம் போகச் சொன்னார்.

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. ‘எழுத்தாளர் கல்பகம் அவர்கள்’ என்றுதான் அழைப்பு. பத்ரிக்குச் சர்க்கார் உத்தியோகம். கதை எழுத மேலதிகாரியிடம் அனுமதி கேட்டுக் கைகட்டி நிற்கிற ஜாதி இல்லை அவர். ஆரம்பத்திலேயே பெண்டாட்டி பேரைப் போட்டு அனுப்பிவிட்டார். நம் ஊரில் எத்தனையோ எழுத்தாளர்கள் செய்கிற காரியம்தானே. ராக்கெட்டும் வேற்றுக் கிரகமுமாக எழுதித் தள்ளிய அந்தக் கல்பகத்துக்குத் தமிழர்கள் வேலைக்குப் போன ஊரிலெல்லாம் ரசிகர்கள். அசல் கல்பகம் அடுப்படியில் உட்கார்ந்து சிரிப்பாள். “பேரு என்னுது, பேத்தல் உங்களுது” என்பாள். ஆனால் பத்திரிகை வந்ததும் முதலில் பிடுங்கிப் படிக்கிறவளும் அவள்தான்.

அந்தக் கல்பகம் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது.

ஆஸ்பத்திரியில் அவள் கடைசியாகக் கேட்டதும் கதையைப் பற்றித்தான். ஒரு தொடர்கதை பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. நட்சத்திரத்துக்குக் கப்பலேறிப் போன ஒருத்தி. இங்கே நாளுக்கு நாள் கிழவனாகிக்கொண்டு காத்திருக்கும் அவள் புருஷன். “கடைசியில அவ திரும்பி வருவாளோ?” என்று கேட்டாள். யாருக்கும் முடிவை முன்கூட்டிச் சொல்லாத மனிதர் இவர். ஆத்துக்கு வந்து அச்சில் படித்துக்கொள் என்று சிரித்துவிட்டுக் காபி வாங்கக் கீழே போனார். திரும்பி வந்தபோது கேட்க ஆளில்லை.

அதற்கப்புறம் அவர் ஒரு வரி எழுதவில்லை. அந்த முடிவு தொண்டையில் சிக்கிய முள்ளாக அப்படியே நின்றுவிட்டது. சொல்லித் தொலைத்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும் என்று தலையிலடித்துக்கொண்டு அழுத நாட்கள் உண்டு. இனிமேல் கல்பகம் எழுத மாட்டாள் என்று ரசிகர்கள் முன்னால் சொல்லி, அந்தப் பேருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகத்தான் ஹைதராபாத் வந்தார்.

மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றின் குவார்ட்டர்ஸ். கம்யூனிட்டி ஹால் வாசலில் ‘விஞ்ஞான, மாயாஜாலக் கதை ரசிகர் மாநாடு, 1983’ என்று துணி கட்டியிருந்தது. அட்டைப்பெட்டிக்குள் புகுந்த குழந்தைகள் இயந்திர மனிதர்களாக விறைத்து நடந்துகொண்டிருந்தார்கள். உள்ளே மந்திரவாதிக் கதை விஞ்ஞானக் கதையில் சேர்த்தியா இல்லையா என்று இரண்டு இன்ஜினீயர்கள் மைக்குக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

வாசலில் நின்ற பட்டு ஓடிவந்தாள். தொழிற்சாலையில் வரைபடம் போடுகிற வேலை. ரசிகர் மன்றத்துக்கு அவள்தான் செயலாளர்.

“வாங்கோ மாமா. நீங்க பின்னாடி மெதுவா வருவேள்னு மாமி சொன்னா.”

“எந்த மாமி?”

“நன்னாருக்கே. உங்காத்து மாமிதான்.”

பத்ரி பெட்டியைக் கீழே வைத்தார்.

ரயில்வே ஒர்க்‌ஷாப் பிட்டர் சூசைராஜ், ஆளுயரத் தகர ராக்கெட் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தவர், அம்மாவை ஸ்டேஷனிலிருந்து கூட்டிவந்ததே தான்தான் என்று பெருமையாகச் சொன்னார். “கைக்கு, எதுக்கு தனியா வந்தீங்கன்னு கேட்டேன் சார். அவரு வருவாருன்னாங்க. பெட்டி கூட இல்ல.”

பத்ரிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எவளோ ஒருத்தி, செத்தவள் பேரைச் சொல்லி மாலை வாங்கிக்கொண்டு திரிகிறாள். கையும் களவுமாகப் பிடித்து நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று ஹாலுக்குள் புகுந்தார்.

பெண்கள் பக்கம் கேட்டால், இப்போதுதான் காபி குடிக்கப் போனார் என்றார்கள். காபி வைத்திருந்த இடத்தில், புத்தகக் கடைப் பக்கம் பார்த்தேனே என்றார்கள். புத்தகக் கடையில் நாற்காலி மட்டும் இருந்தது. அதன் பிரம்பில் நீர்த்துளிகள். ஈரத் தலையின் சீயக்காய் வாசனை.

பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். அரக்குப் புடவை. தலைக்குக் குளித்து நுனி முடிச்சுப் போட்ட கூந்தல். கை மட்டும் ஐஸ்.

அப்புறம் ஒரு கல்லூரிப் பெண் சிரித்துக்கொண்டே வந்தாள். மாமி ஒவ்வொருத்தரையும் தனியாகக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்கிறார்களாம். எழுதியவரே கேட்டால் நாங்கள் என்னத்தைச் சொல்வது என்றாள்.

“என்ன கேட்டா?” என்றார் பத்ரி.

“அந்தத் தொடர்கதைதான் சார். ‘கடைசியில அவ திரும்பி வருவாளோ’ன்னு.”

பத்ரி அந்தக் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்.

அந்தக் கேள்வியை அவரிடம் கேட்டவள் ஒருத்திதான்.

மத்தியானம் சாப்பாட்டுப் பந்தியில் பட்டு தானாகவே சொன்னாள். முந்தின நாள் அவர்கள் வீட்டில் சுமங்கலிப் பிரார்த்தனை. புருஷன் இருக்கும்போதே பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்த பெண்களைப் பேர் சொல்லி அழைத்து, புடவை வைத்துக் கும்பிடுகிற சடங்கு. கூடவே உயிரோடிருக்கும் சுமங்கலிகளுக்கும் எண்ணெய் சீயக்காய் கொடுத்துக் குளிக்கச் சொல்லி, மணை போட்டுச் சாப்பாடு போடுவார்கள். மறுநாள் வரப்போகிற கல்பகம் மாமியையும் அழைத்துவிடுவோமே என்று பட்டுவுக்கு ஓர் ஆசை. எண்ணெய் சீயக்காயை எடுத்து வைத்து, ஒரு மணையைப் போட்டு, வாசல்வரை போய், “கல்பகம் மாமி, வாங்கோ” என்று வாய் நிறைய அழைத்திருக்கிறாள். ஆளில்லாத மணைக்குப் பேர் சொல்லி அழைத்தால் யார் வருவார்கள் என்று பாவம், அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

பத்ரி உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். சொன்னால் இவர்கள் பயப்படுவார்கள். திருநீறு, வேப்பிலை என்று கிளம்பி அவளை விரட்டிவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டார்.

ஹாலில் அத்தனை பேர் பார்க்கிறார்கள். குழந்தைகள் பார்க்கிறார்கள். முன்பின் தெரியாத சூசைராஜ் பார்க்கிறார். கட்டின புருஷன் கண்ணுக்கு மட்டும் அவள் தெரியவில்லை. ஒரே ஒரு தடவை காட்டு தாயே என்று சாப்பாட்டுக் கையோடு அழுதார். காரம் ஜாஸ்தியோ என்று பட்டு மோர் ஊற்றினாள்.

கெஸ்ட் ஹவுஸ் அறையில் இரண்டு கட்டில். காலையில் எழுந்து பார்த்தால் பக்கத்துக் கட்டிலில் போர்வை கசங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, தனக்குப் பதில் அவர் பேசுவார் என்று மாமி சொல்லிவைத்திருந்த வேளையில் மின்சாரம் போயிற்று. மின்விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. மைக் இல்லாமல் மேடை விளிம்புக்கு வந்து நின்றார். முன்வரிசையில் ஒரு நாற்காலி காலி. பட்டு அதைக் காட்டி, மாமி உங்களையே பார்த்துண்டிருக்கா என்று அவர் காதில் கிசுகிசுத்தாள்.

பத்ரி காலி நாற்காலியைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். கதையின் முடிவைச் சொல்லப் போவதாகச் சொன்னார். கப்பல் பூமியை நெருங்குகிறது. அவள் ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள். கீழே ஒரு கிழவன் கையை உயர்த்துகிறான்.

சீயக்காய் வாசனை மெல்லக் குறைந்தது.

அவர் ஒரு வரி சொன்னார். இன்னும் குறைந்தது.

“மாமி எழுந்துண்டுட்டா,” என்றாள் பட்டு. “கிளம்பறா போலருக்கு.”

பத்ரி அங்கேயே நிறுத்தினார்.

இன்னும் ஒரே ஒரு வாக்கியம்.

அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறாள். கேட்டால் போய்விடுவாள். நிம்மதியாகப் போவாள், திரும்ப மாட்டாள். மறுபடி அந்த வீடு. அந்த அடுப்படி.

முடியாது. என்னால் முடியாது கல்பகம்.

“தொடரும்,” என்றார்.

ஹாலே அதிர்ந்தது. என்ன குறும்பு என்று கைதட்டினார்கள். இன்ஜினீயர்கள் விசிலடித்தார்கள். கைதட்டலுக்கு நடுவே ஈரத் தலையின் வாசனை, மேடையேறி, அவர் பக்கத்தில் வந்து நின்றது. பத்ரி சந்தோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டார்.

சாயங்காலம் வழியனுப்ப சூசைராஜும் பட்டுவும் வந்தார்கள். இன்னொரு டிக்கெட் அவர் எடுக்கவில்லை. ஆனாலும் பக்கத்து இருக்கைக்கு யாரும் வரவில்லை. வந்த ஒருத்தரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வேறு பக்கம் போனார். பத்ரி ஜன்னலோரத்தில் இடது கையைக் காலி இருக்கையின்மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குத் தெரியாவிட்டால் என்ன, கூட இருக்கிறாளே என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

வண்டி நகர்ந்தது. கையசைத்தபடி கூடவே நடந்து வந்த பட்டுவின் முகம் திடீரென்று வாடியது. அவள் பார்வை அவரைத் தாண்டிப் போயிற்று.

“மாமா,” என்றாள். “மாமி ஏன் இப்படி அழறா?”

பிளாட்பாரம் பின்னால் போய்விட்டது.

பத்ரி திரும்பினார். யாருமில்லை. சிவந்த வெயில் மட்டும் ரெக்சின் இருக்கையில் ஆடிக்கொண்டிருந்தது. “கல்பகம்” என்று கூப்பிட்டார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட வாயெடுத்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றார். அந்த வாக்கியம் அவருக்கு நினைவில் இல்லை.

கப்பல் நினைவிருந்தது, ஜன்னல் நினைவிருந்தது, கையை உயர்த்திய கிழவன் நினைவிருந்தான். அதற்குமேல் ஒன்றுமில்லை.

இடது தோளில் ஒரு கனம் வந்து சாய்ந்தது. சட்டை மெதுவாக நனைந்தது, வெதுவெதுவென்று.