படத்துக்கு அடியில் மூன்று வரிகள்

அவளை வகுப்பில் எல்லாரும் கட்டெறும்பு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் சின்னவள். ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள்.

இந்த ஆண்டு வகுப்பு இதழை இணையப் பக்கமாக உருவாக்கியது அவள்தான். பதினெட்டுக் கதைகள், பதினெட்டுப் படங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி, நடுவே அளவான இடைவெளி. கம்ப்யூட்டர் அறையின் திரையில் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆண்டு விழா அன்று மதியம் பள்ளிக் காவலாளி தன் போனை நீட்டினார்.

"பாப்பா, உங்க இதழைத் திறந்து பார்த்தேன். ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு நிக்குதே!"

கட்டெறும்பு வாங்கிப் பார்த்தாள். அது கீறல் விழுந்த பழைய போன். எழுத்துகள் பெரிது பெரிதாகத் தெரிந்தன. பெட்டிகளுக்கு நடுவே இடைவெளியே இல்லை. அவள் தோழி கதைக்காரி எழுதிய கதையில் கடைசி மூன்று வரிகள் அடுத்த படத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தன.

பக்கத்தில் நின்ற கதைக்காரியின் முகம் சுண்டிப்போனது.

"எங்க அப்பா போனும் இதேதான். பஸ்ஸை விட்டுட்டு அவரால விழாவுக்கு வர முடியாது. நாலு மணிக்கு வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி என் கதையைப் படிச்சுடறேன்னு சொன்னாரு."

மணி இரண்டரை. இருவரும் கம்ப்யூட்டர் மிஸ்ஸிடம் ஓடினார்கள்.

"அந்தப் போன்ல இருக்கற பிரவுசர் ரொம்பப் பழசும்மா. நம்ம கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே தெரியுது? 'புதிய பிரவுசரில் பாருங்கள்'னு மேல ஒரு வரி போட்டுடு. தீர்ந்தது."

"போட மாட்டேன் மிஸ்."

"என்னது?"

"வீட்டுக்கு வர்றவங்ககிட்ட, உங்க செருப்பு பழசு, வெளியவே நில்லுங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு மிஸ்."

மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "மூணரை வரைக்கும்தான் நேரம். சரியாகலைன்னா அந்த வரியை நானே போட்டுடுவேன்."

"உங்களுக்கு வேலை வைக்க மாட்டேன்!" என்றாள் கட்டெறும்பு.

வேலை முடியும்வரை வைத்துக்கொள்ளக் காவலாளி தன் போனைக் கொடுத்தார். "மணி அடிக்கறதுக்கு அதுலதான் அலாரம் வெச்சிருக்கேன். அதைத் தொட்டுடாதே. ஸ்கூலே நின்னுடும்!"

கட்டெறும்பு தான் எழுதிய கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். இடைவெளிக்கு அவள் போட்டிருந்தது புதுக் கட்டளை. பழைய பிரவுசருக்கு அது தெரியாது. தெரியாததை அது சத்தமில்லாமல் தாண்டிப் போய்விட்டது.

பழைய பிரவுசருக்கும் புரியும் வேறொரு கட்டளை எழுதி, ஒவ்வொரு பெட்டிக்கும் அடியில் தனியாக இடம் விட்டாள். போனில் பெட்டிகள் விலகின. துள்ளிக் குதித்தவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அங்கே இரண்டு கட்டளைகளும் சேர்ந்துகொண்டதில், பேச்சை நிறுத்தியவர்கள் போலப் பெட்டிகள் எட்ட எட்ட நின்றன. முதலில் போட்டிருந்த அந்தப் புதுக் கட்டளையை அழித்தாள். இரண்டிலும் சரியானது.

ஆனால் அந்த மூன்று வரிகள் மட்டும் வெளியே வரவில்லை. மணி மூன்றே கால்.

கதைக்காரி மெல்லச் சொன்னாள். "விடுடி. கடைசி மூணு வரியை வெட்டிடு. நான் சின்னதா முடிச்சுத் தர்றேன்."

"உன் கதையில ஒரு எழுத்துகூடக் குறையாது! பெட்டிக்காக நீ ஏன் சுருங்கணும்? பெட்டிதான் பெருசாகணும்!"

சொன்னவள் அப்படியே நின்றாள்.

"பெட்டி... ஐயோ! எல்லாம் ஒரே உயரமா இருக்கணும்னு நான்தானே அளவைப் பூட்டி வெச்சேன்! போன்ல எழுத்து பெருசு. உள்ள இடம் பத்தாம வெளிய வழிஞ்சிருக்கு!"

உயரம் என்றிருந்த ஒரே ஒரு வரியை அழித்தாள். போனில் படம் நகர்ந்து வழிவிட்டது. அடியிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று வரிகளும் வெளியே வந்தன.

மிஸ் எட்டிப் பார்த்தார். "கம்ப்யூட்டர்ல இப்போ பெட்டியெல்லாம் மேடும் பள்ளமுமா இருக்கே?"

"இருக்கட்டும் மிஸ். நாங்களும் அப்படித்தானே வரிசையில நிக்கறோம்!"

மிஸ் பழைய போனை வாங்கி, கதைக்காரியின் கதையைக் கடைசி வரை படித்தார். பிறகு, "எந்த எச்சரிக்கையும் வேண்டாம். இப்படியே இருக்கட்டும்" என்றார்.

நாலு மணிக்குச் சற்று முன் மிஸ்ஸின் போன் அடித்தது. மிஸ் அதைக் கதைக்காரியிடம் கொடுத்தார். பஸ் இரைச்சலுக்கு நடுவே அப்பாவின் குரல்.

"முழுசும் படிச்சுட்டேன் கண்ணு. கண்டக்டருக்கும் படிச்சுக் காட்டினேன். கடைசியில வர்றாரே ஒரு டிரைவர்... அது நான்தானே?"

கதைக்காரி போனை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள். வேகமாகத் தலையை மட்டும் ஆட்டினாள்.

கட்டெறும்பு போன் பக்கம் குனிந்து கத்தினாள். "ஆமாம்னு தலையாட்டுறா மாமா!"