திருப்பி அனுப்பாத வயர்

டிசம்பரில் கிரிம்ஸ்பி ஊரில் பிற்பகல் என்பது பெயருக்குத்தான். நெவில் பாஸ்க் காரை நிறுத்தும்போதே தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. துறைமுகப் பக்கமிருந்து வந்த காற்றில் உப்பும் டீசலும் கலந்து வீசின. ஒன்றோடொன்று தோள் ஒட்டி நின்ற செங்கல் வீடுகளில் எல்லா ஜன்னலிலும் கிறிஸ்துமஸ் விளக்குகள் மின்னின. நடுவில் ஒரு வீடு மட்டும் இருண்டு கிடந்தது.

அவன் மாமனார் வில்ஃப் பிளாஞ்சர்டின் வீடு அது. அவரைப் புதைத்தாயிற்று. மின்சாரத்தைத் துண்டித்தாயிற்று. வீட்டை விற்கவும் பேசி முடித்தாயிற்று.

"நானும் வரட்டுமா?" என்றாள் அவன் மனைவி ஹேசல். அவள் காருக்குள் ஹீட்டருக்கு எதிரே கைகளை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு வயர எடுக்க ரெண்டு பேரு எதுக்கு? உக்காரு, வந்துடறேன்."

வயருக்காகத்தான் வந்திருந்தான். காலையில் டிவி கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்திருந்தாள். சந்தா ரத்தாகிவிட்டதாம். டிவியோடு இணைக்கும் செட்டாப் பெட்டி வந்துவிட்டதாம், ரிமோட்டும் வந்துவிட்டதாம். பெட்டியின் மின் வயர் மட்டும் வரவில்லையாம். அது வராவிட்டால் அபராதம் போடுவார்களாம்.

"என் கையாலயே உள்ள வெச்சு ஒட்டுனேன்மா."

"வெச்சிருப்பீங்க சார். ஆனா பார்சல்ல இல்லையே."

அவன் வைத்தது உண்மைதான். அந்த வயரை அவன் மறக்க முடியாது. அதைக் கிழவரின் கையிலிருந்து பிடுங்க அவ்வளவு பாடுபட்டிருந்தான்.

வில்ஃப் ஐஸ்லாந்துக் கடல்வரை போய் மீன்பிடித்தவர். பக்கவாதம் வந்து கால்கள் விழுந்தபின் முன்னறை நாற்காலிதான் அவருக்கு உலகம். காலையில் வரும் உதவிப் பெண் அவரைக் குளிப்பாட்டி, உட்காரவைத்து, டீ போட்டுக் கொடுத்து, டிவியை வைத்துவிட்டுப் போவாள். அப்புறம் இரவுவரை அவரோடு பேசுவது அந்த டிவிதான். மேசைமேல் கோலால் பந்தடிக்கும் ஸ்னூக்கர் ஆட்டம் என்றால் அவருக்கு உயிர். ஆட்டக்காரன் தப்பாக அடித்தால் தெருவுக்கே கேட்கும்படி திட்டுவார்.

முதியோர் இல்லத்துக்குப் போங்கள், வீட்டை விற்றுவிடலாம் என்று நெவில் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தான். கிழவர் மசியவில்லை. ஒருநாள் அவர் குரலில் பேசி, அவர் பெயரில் இருந்த டிவி சந்தாவை அவனே ரத்து செய்தான்.

"எத்தன நாளைக்குச் செவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு? தானா வழிக்கு வருவாரு," என்றான் ஹேசலிடம். அவளுக்கும் பெரிய சமையலறை வைத்த புது வீடு வேண்டியிருந்தது.

பெட்டியைக் கழற்ற அவன் போனபோது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது.

"மாசக் கடைசி வரைக்கும் படம் வருமாமேடா," என்றார் வில்ஃப். "அதுவரைக்குமாவது பாத்துட்டுப் போறேனே."

"அப்புறம் நான் அனுப்ப மறந்துட்டா அபராதம் யாரு கட்டுறது? ஒங்க மீனு வந்து கட்டுமா?"

"இந்த ஆட்டம் மட்டும் முடியட்டும்டா நெவில்."

நெவில் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினான். படம் செத்தது. கிழவர் சரிந்து குனிந்து வயரைப் பிடித்துக்கொண்டார். கால்களில் இல்லாத பலமெல்லாம் அந்தக் கையில் இருந்தது. நெவில் மண்டியிட்டு, சிரித்துக்கொண்டே, விரல் விரலாகப் பிரித்தான். சுண்டுவிரல் மட்டும் மடங்கியே இருந்தது. காய்ந்த அவரை நெற்று உடைவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் பிரிந்தது.

கிழவர் கத்தவில்லை. "பாத்துக்கிட்டு இருந்தேன்டா," என்று மட்டும் சொன்னார்.

அன்றே நெவில் உதவிப் பெண்ணுக்குப் போன் செய்தான். நாங்களே பார்த்துக்கொள்கிறோம், இனி நீ வரவேண்டாம் என்றான். தனியாகக் கிடந்து பசித்தால் இறங்கி வருவார் என்பது அவன் கணக்கு. அந்த வாரம் பனி கொட்டியது. அடுத்து அவன் கதவைத் திறந்தபோது வில்ஃப் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். திறந்த கண்கள் இருண்ட டிவியையே பார்த்தபடி இருந்தன. மாரடைப்பு என்றார் டாக்டர். எப்போதோ கீழே விழுந்தபோது விரல் உடைந்திருக்கும் என்றான் நெவில்.

இப்போது அவன் சாவியைத் திருப்பி உள்ளே போனான்.

நடையில் இரும்புபோல் குளிர். பூட்டிக் கிடந்த வீட்டின் ஈர வாடை வரும் என்று எதிர்பார்த்தான். வந்தது வேறு வாடை. சூடேறிய தூசியின் வாடை. நாள் முழுக்க ஓடிய டிவியின் பின்னால் முகத்தை வைத்தால் வருமே, அது.

முன்னறைக் கதவின் அடியில் மெல்லிய நீல ஒளிக்கோடு தெரிந்தது.

மின்சாரம் இல்லாத வீட்டில்.

'டொக்' என்று ஒரு சத்தம். பந்தோடு பந்து மோதும் சத்தம். அதைத் தொடர்ந்து, எங்கோ தூரத்தில், கூட்டம் ஒன்று அடக்கமாகக் கைதட்டியது.

"யார்ரா உள்ள?" என்றான். வெறும் வீடு என்று தெரிந்து எவனோ புகுந்துவிட்டான் என்று நினைத்தான். கோபத்தோடு கதவைத் தள்ளினான்.

டிவி எரிந்துகொண்டிருந்தது. படம் இல்லை, ஆழ்கடல்போல் ஒரு நீலம் மட்டும். கதவுக்கு முதுகு காட்டி நின்றது கிழவரின் நாற்காலி. தரைவிரிப்பின்மேல் ஒரு கறுப்பு வயர் நெளிந்து போய், நாற்காலியின் கைப்பிடிமேல் ஏறி, அந்தப் பக்கம் மறைந்தது.

அந்த வயர்தான்.

ஓடிவிட வேண்டும் என்றது உடம்பு. அபராதம் என்றது மனசு. நெவில் குனிந்து வயரைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. எதிலோ மாட்டியிருக்கிறது என்று கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு பலமாக இழுத்தான்.

வயர் தளர்ந்தது.

பிறகு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ மெதுவாக இழுத்தார்கள். தூண்டிலில் மீன் சிக்கியிருக்கிறதா என்று பார்ப்பவர்போல், இரண்டு முறை சுண்டினார்கள்.

நெவில் கையை விடுவிக்கப் பார்த்தான். சுற்றிய வயர் இறுகிக்கொண்டது. நீல வெளிச்சத்தில் அவன் கையைத் தவிர வேறு கை தெரியவில்லை. ஆனால் ஏதோ ஒன்று, மீன்கடைப் பனிக்கட்டிபோல் சில்லென்று, அவன் சுண்டுவிரலின் அடியில் நுழைந்தது. விரலை மெல்ல நிமிர்த்தியது.

"விட்டுடறேன். நான் விட்டுடறேன்!"

"பாத்துக்கிட்டு இருக்கேன்ல," என்றது நாற்காலி.

சுண்டுவிரல் உடைந்தது.

அவசரமே இல்லை. ஒரு விரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் நிதானமாக ஓர் இடைவெளி. விட்டுவிட நேரம் கொடுப்பதுபோல் இருந்தது அது. விட முடியாதபடி வயர்தான் கையை இறுக்கியிருந்தது. ஒவ்வொரு முறையும், தூரத்தில், அந்தக் கூட்டம் அடக்கமாகக் கைதட்டியது.

காரில் ஹேசல் ஹாரன் அடித்துப் பார்த்தாள். போன் செய்து பார்த்தாள். கடைசியில் செல்போன் வெளிச்சத்தோடு உள்ளே வந்தாள். முன்னறை கும்மிருட்டாக இருந்தது. டிவியின்மேல் தூசி படிந்திருந்தது, தொட்டால் ஜில்லென்றிருந்தது. வயர் எதுவும் தரையில் இல்லை. அப்பாவின் நாற்காலியில் நெவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கண்கள் திறந்திருந்தன. மடியில் கிடந்த வலது கையின் விரல்கள் ஆளுக்கொரு பக்கம் திரும்பியிருந்தன.

அவன் சாகவில்லை. மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். கீழே விழுந்தபோது விரல்கள் உடைந்திருக்கும் என்றார்கள். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது, பேச்சும் வராது, ஆனால் எல்லாம் புரியும், இப்படியே பல வருஷம் இருப்பார் என்றார் டாக்டர், ஆறுதல் சொல்வதுபோல்.

பனி உருகும் பருவத்தில் ஹேசல் அவனைத் தங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். முன்னறையில், ஜன்னலோரம், டிவிக்கு எதிரே உட்காரவைத்தாள். டிவியை வைக்கும்போதெல்லாம் அவன் கண்களில் நீர் வழிந்தது. சந்தோஷம்போல என்று அவள் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

ஒருநாள் காலையில் அவள் சமையலறையில் சூப் கிண்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. டிவி கம்பெனியின் அதே பெண்.

"அந்த வயர் இன்னும் கெடைக்கலம்மா," என்றாள் ஹேசல். "அபராதம் போடறதுன்னா போட்டுடுங்க. எனக்குத் தேடத் தெம்பில்ல."

"அபராதம் எல்லாம் கெடையாது மேடம். அந்த ரத்தையே ரத்து பண்ணியாச்சு. ஒங்க அப்பா பேசினாரே."

ஹேசல் அடுப்பை அணைத்தாள். "எங்க அப்பா செத்துட்டாரும்மா."

அந்தப் பக்கம் எதையோ தட்டிப் பார்க்கும் சத்தம்.

"வில்ஃப் பிளாஞ்சர்ட் தானே மேடம்? சித்த முன்னாடிதான் பேசினாரு. நல்லா சிரிச்சுச் சிரிச்சுப் பேசினாரு. கனெக்‌ஷன ஒங்க வீட்டுக்கு மாத்திக் குடுக்கச் சொன்னாரு. மருமகன் பாவம் தனியா உக்காந்திருக்காராம். இனிமே அவரு கூடவே இருந்து பாக்கப் போறாராம்."

ஹேசல் முன்னறைப் பக்கம் திரும்பினாள்.

"மேடம்? இருக்கீங்களா?"

முன்னறையில் டிவியின் சத்தம் சட்டென்று நின்றது. அந்த அமைதியில், ஒரு கனத்த நாற்காலி தரையோடு உரசி, டிவியைப் பார்த்து இழுபடும் ஓசை தெளிவாகக் கேட்டது.

நெவிலால் இமையைத் தவிர எதையும் அசைக்க முடியாது.